தொண்ணூற்றொன்பது நாள் மூத்தவள்

2010 மே 2, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது மணி எட்டேகால். பத்து மணிக்குப் பத்திரம் எழுதும் பாய் வந்தார். பத்தேகாலுக்குச் சின்னமனூரிலிருந்து அவர் வந்தார். 'அவர்' என்றால், முந்தைய வருடம் வரை என் கணவராக இருந்தவர். தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகு அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை. பதினேழு வருடங்களை 'என்னங்க' என்ற ஒரே சொல்லில் ஓட்டியவள் நான். அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. 1991இல் எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்ய வந்த நாளிலிருந்து என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாணத்திலும் டீச்சர், விவாகரத்திலும் டீச்சர்.

எங்களுக்குள் ஊர் கூடும்படி ஒரு சண்டையும் நடந்ததில்லை. நான் ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவக் குடும்பம், அவர் பொட்டிப்புரத்தில் உழவு செய்யும் இந்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அத்தனை பேரை எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட எங்களுக்கு, எதிர்க்க ஆள் இல்லாமல் போனதும் பேச விஷயம் இல்லாமல் போயிற்று. பேசாமல் இருக்கப் பழகினோம். அதில் இருவருமே நல்ல தேர்ச்சி பெற்றோம். 2007 ஆடியில் அவர் சின்னமனூர்ப் பட்டறையிலேயே தங்க ஆரம்பித்தார். 2009இல் இருவரும் ஒரே பேருந்தில் போய், ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, ஒரே பேருந்தில் திரும்பி வந்தோம். தீர்ப்பின் கடைசியில், வீட்டை இரு தரப்பாரும் சுமுகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அன்றைக்குக் கூடியிருந்தோம்.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. நாற்பதடி அகலம், அறுபதடி நீளம், வடக்குப் பார்த்த வாசல். விற்றுவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நடுவில் தெற்கு வடக்காக ஒரு சுவர் எழுப்பிக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று ஆக்கிக்கொள்வது என்பதுவரை சம்மதம். யாருக்கு எது என்பதுதான் மிச்சம்.

எனக்கு மேற்கு வேண்டும். வேறு எந்தச் சாமானும் வேண்டாம், மேற்கு மட்டும் வேண்டும். காரணம், தென்மேற்கு மூலையில் திறந்தவெளியில் சிமெண்டுப் பீடத்தின் மேல் நிற்கும் மழைமானி.

அதை 1996 ஜூன் 1ஆம் தேதி அங்கே நட்டேன். வைகாசியில் குடிபுகுந்த வீடு. சுண்ணாம்பு வாடைகூடப் போகவில்லை. தேனி தனி மாவட்டமானதும் அதே வருடம்தான். புதிய மாவட்டத்துக்கு முதல் மழைக்கணக்கு என்னிடமிருந்து தொடங்கட்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மதுரையிலிருந்து வாங்கி வந்த புனலும் டப்பாவும் அளவு ஜாடியும், கட்டம் போட்ட நோட்டு ஒன்றும். தினமும் காலை எட்டரை மணிக்கு அளப்பது, மில்லிமீட்டரில் எழுதுவது. காலாண்டு விடுமுறையோ காய்ச்சலோ, எட்டரை என்றால் எட்டரை. பதினான்கு வருடத்தில் விட்டுப்போன நாட்கள் பதினொன்று. அதில் ஒன்று 1999 ஐப்பசியில் அவர் செய்த உபகாரம். டப்பாவில் தேங்கிய தண்ணீரில் கொசு வரும் என்று, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கொட்டிவிட்டார். அன்றைய கட்டத்தில் 'கொட்டப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன்.

மழைமானியை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் அன்றோடு ஒரு கணக்கு முடிந்து இன்னொரு கணக்கு தொடங்குகிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது. அதிலும் எங்கள் வீட்டில் மாற்றவும் இடமில்லை. கிழக்கே பக்கத்து வீட்டு மாடியும் இரண்டு தென்னையும் வானத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சுவர் உயரத்துக்கு இரண்டு மடங்காவது தள்ளி நிற்க வேண்டிய கருவியை அங்கே எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆக, மேற்குப் பாதி கைவிட்டுப் போனால் பதினான்கு வருடம் அங்கேயே நின்றுபோகும். இதை நான் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேரத்துக்குப் பிடி கொடுத்ததாகிவிடும் என்று புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டேன்.

பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். உத்தமபாளையத்தில் முப்பது வருடமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுபவர்.

"அண்ணன் தம்பி பாகம்னா ஒரு வழக்கம் இருக்கு. மூத்தவுக பங்கு வைக்கணும். இளையவுக மொதல்ல எடுக்கணும். வைக்கிறவுகளுக்கு எது மிஞ்சும்னு தெரியாது பாருங்க, அதனால ரெண்டையும் ஒண்ணு போல வைப்பாக. புருசன் பொஞ்சாதிக்கு இப்பிடி வழக்கம் கிடையாது. ஆனா இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல."

"செய்யலாம் பாய்," என்றார் அவர்.

"யாரு மூத்தவுக?"

பாய் எங்கள் அடையாளத் தாள்களை வாங்கிப் பார்த்தார். அவருடைய பள்ளிச் சான்றிதழில் 1-6-1964. என் ஞானஸ்நானச் சீட்டில் 18-10-1964. பள்ளியிலும் அதே தேதி, சாமியார் கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதியது.

"தம்பிதான் மூத்தவுக. பங்கு வைங்க. டீச்சர் எடுக்கட்டும்."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதலில் எடுப்பது நான். அவர் எப்படி வைத்தாலும் சரி, கோணலாக வைத்தாலும் சரி, விரலை மேற்குப் பக்கம் நீட்டினால் முடிந்தது. அவர்கள் இருவரும் போன பிறகு ஒரு துணியை எடுத்துப் போய், மழை மாதம் பிறக்க இன்னும் நான்கு வாரம் இருந்தும், புனலை உள்ளும் புறமும் துடைத்து வைத்தேன்.

மே 9, மறு ஞாயிறு. அன்றைக்குப் பங்கு வைப்பதாகப் பேச்சு. அவர் வந்தார், கூடவே பொட்டிப்புரத்திலிருந்து அவருடைய அக்காளும் வந்தார். என் மதினி. விவாகரத்தை மதினி ஒப்புக்கொள்ளவே இல்லை. கோர்ட்டில் கொடுத்தது ஏதோ பட்டா மாறுதல் மனு என்பதுபோலத்தான் நடந்துகொள்வார். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஏத்தா, நல்லாருக்கியா? மெலிஞ்சிட்டியே. இல்ல, இவன் மெலிஞ்சதப் பாத்துப் பாத்து எனக்குத்தான் எல்லாரும் மெலிஞ்ச மாதிரி தெரியுதோ என்னமோ."

"நீங்க நல்லாருக்கீகளா மதினி?"

"எனக்கென்ன. இந்தா பாய், என் தம்பியப் பங்கு வைக்கச் சொன்னீகளாம்ல? அவனுக்கு மோட்டாரத்தான் பிரிக்கத் தெரியும். வீட்டப் பிரிச்சான்னா திரும்ப மாட்டத் தெரியாம முழிப்பான்."

"மூத்தவுகதான வைக்கணும்?" என்றார் பாய்.

"அவன் மூத்தவன்னு யாரு சொன்னா? அந்தச் சர்ட்டிபிகேட்டு வாத்தியாரு எழுதுனது. எங்காத்தா இவனக் கொண்டுபோயி, அழுதுக்கிட்டே கெடக்கான், பள்ளிக்கூடத்துல போட்டுக்கங்கன்னு விட்டாக. வயசு பத்தலன்னு வாத்தியாரே ஒரு தேதி போட்டுச் சேத்துக்கிட்டாக. எங்க வகுப்புல பாதிப் பேரு ஜூன் ஒண்ணுதான்."

இது உண்மை. எங்கள் தாலுகாவில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நானே ஒரே வகுப்பில் பதினேழு பேரை எண்ணியிருக்கிறேன்.

மதினி பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாள் பழுத்திருந்தது. ஜாதகம். எங்கள் கல்யாணத்தின்போது அவர்கள் வீட்டில் ஜாதகம் தொலைந்துவிட்டது என்றார்கள். எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

"தொலையல. ஆத்தா டிரங்குப் பொட்டிக்கு அடியில வச்சுப் பூட்டிட்டாக. எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியல. சாகப்போறப்ப சாவிய ஏங்கிட்டத்தான் குடுத்தாக."

பாய் வாங்கி எழுத்துக்கூட்டினார். "குரோதன வருஷம், தை மாசம் பன்னெண்டாந் தேதி..."

"குரோதன இல்ல பாய், குரோதி," என்றேன். "குரோதன வேற. குரோதனன்னா இவுக பொறந்தது ஒண்ணு இருபத்தஞ்சு இருபத்தாறுல வரும், இல்லாட்டி எண்பத்தஞ்சு எண்பத்தாறுல வரும்."

"எண்பத்தஞ்சா?" மதினி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப நீ கட்டிக்கிட்டப்ப இவனுக்கு ஏழு வயசு. டீச்சரு பள்ளிக்கூடத்துல இருந்தே தூக்கிட்டு வந்துட்டாக போல."

அவரும் சிரித்தார். பாய் விரல் விட்டு எண்ணினார். "சரி, குரோதி. குரோதின்னா அறுபத்துநாலு. தைன்னா ஜனவரி. அறுபத்துநாலு ஜனவரி. டீச்சர் அறுபத்துநாலு அக்டோபர். சர்ட்டிபிகேட்ட விட இன்னும் அஞ்சு மாசம் கூடத்தான் வருது. தம்பியேதான் மூத்தவுக. நீங்க பொட்டியத் தொறந்ததுக்கு ஒண்ணும் மாறலம்மா."

மதினியின் முகம் தொங்கிப்போயிற்று.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். கூடத்தில் வேறு ஒருவருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் வீடும் நினைவில்லை, மேற்கும் நினைவில்லை. ஒரு தேதி தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதுமட்டும்தான் நினைவு. எழுந்தே நின்றுவிட்டேன்.

"இல்ல பாய், அங்கனதான் எல்லாரும் தப்புப் பண்றது. தமிழ் வருசம் சித்திரையில பொறக்குது. குரோதி அறுபத்துநாலு ஏப்ரல்ல பொறந்து அறுபத்தஞ்சு ஏப்ரல்ல முடியுது. தை வர்றதுக்குள்ள இங்கிலீஷ் வருசம் மாறிரும். இது அறுபத்தஞ்சு ஜனவரி. தை ஒண்ணு பதினாலாந் தேதின்னா தை பன்னெண்டு இருபத்தஞ்சு. 25-1-1965."

மழை நோட்டுகளோடு நான் சேர்த்து வைத்திருந்த பஞ்சாங்கங்களை எடுத்து வரச் சொல்ல யாரும் இல்லை. நானே உள்ளே ஓடி எடுத்து வந்தேன். அறுபது வருடப் பட்டியலைப் பாய்க்கு முன்னால் விரித்து வைத்து விரலால் காட்டினேன். பின்பு அக்டோபரில் பதின்மூன்று, நவம்பரில் முப்பது, டிசம்பரில் முப்பத்தொன்று, ஜனவரியில் இருபத்தைந்து என்று வாய்விட்டுக் கூட்டினேன். அத்தனை சந்தோஷம். பதினேழு வருடம் கூடவே இருந்த ஒரு மனிதரின் பிறந்த நாள், முதல்முறையாகச் சரியாகக் கையில் கிடைத்திருக்கிறது.

"தொண்ணூத்தொம்பது. நான் தொண்ணூத்தொம்பது நாள் மூத்தவ."

முதலில் அவர்தான் பேசினார்.

"அப்ப டீச்சர்னு கூப்பிட்டதெல்லாம் தப்பு. அக்கான்னுல்ல கூப்பிட்டிருக்கணும்."

மதினி சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "இதுக்குத்தாம்லே ஆத்தா பூட்டி வச்சாக. பொண்ணு மூத்தவன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும்னு. பாவம், தனியாவே சிரிச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துட்டாக."

பாய் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், அப்ப பங்கு நீங்கதான் வைக்கணும். தம்பி எடுப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எனக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. பங்கு வைப்பவளுக்கும் ஒரு பலம் உண்டு என்று புரிந்தது. எடுப்பவர் எதை எடுப்பார் என்று தெரிந்தால், தனக்கு வேண்டியதை மிஞ்ச வைக்கலாம். இவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியாதா? கிழக்குப் பாதியின் தெருப்பக்கம் அவர் ஷட்டர் போட்டுக் கட்டிய அறை இருந்தது. மூன்று பேஸ் மின்சாரம் அங்கேதான். ஆழ்குழாய்க் கிணறும் கிழக்கே. போதாததற்குக் கிழக்கை இன்னும் கொஞ்சம் இனிப்பாக்கினால் ஆயிற்று.

கோடைவிடுமுறை, பள்ளிக்கூடமும் இல்லை. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டேன். மே 11இல் போட்ட முதல் படத்தில் கோடு வீட்டுக்கு நட்டநடுவே போயிற்று. 13ஆம் தேதிப் படத்தில் கோடு மேற்கே ஓரடி நகர்ந்தது. 16இல் அடுப்படி முழுவதும் கிழக்குக்குப் போனது. குளியலறை கிழக்கு, மாடிப்படி கிழக்கு, மேல்நிலைத் தொட்டி கிழக்கு. 19ஆம் தேதி நான்காவது படத்தில் மேற்கே மிஞ்சியது ஒரு படுக்கையறை, கூடத்தில் ஒரு துண்டு, பின்னால் வெறும் மண். குழாய் இல்லை, அடுப்பு இல்லை. எனக்கு அது போதும். ராயப்பன்பட்டியில் நாங்கள் ஆறு பேர் ஒரு அறையில் வளர்ந்தவர்கள். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, தண்ணீருக்குத் தெருக்குழாய். மழைமானி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

படத்தைப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப இனிக்குது டீச்சர். இவ்வளவு இனிச்சா எறும்புக்கே சந்தேகம் வந்துரும்."

"அடி கணக்குப் பாத்தா மேக்க தாராளமா மண்ணு இருக்கே பாய்."

"மண்ணு இருக்கு," என்றார். படத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மே 22 மாலையில் ஒரு படி கோலப்பொடி வாங்கி வந்து, படத்தில் உள்ளபடி கூடத்தின் நடுவிலிருந்து கொல்லைவரை கோடு போட்டேன். கயிறு பிடித்து, குண்டு நூல் வைத்து, ஒரு விரல் அகலம். நிமிர்ந்து பார்த்தால் வீடு பரீட்சைத் தாளைப் போல இருந்தது.

மே 23, காலை பத்து மணி. மதினி கூடத்தில் கோட்டின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாய், கோடு அழிந்துவிடும் என்று மதினியை எழுப்பித் தள்ளி உட்கார வைத்தார். சின்னமனூரிலிருந்து வந்த அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுற்றிவரத் தொடங்கினார். ஷட்டர் அறையைத் திறந்தார், சுவிட்ச் போர்டைத் தட்டிப் பார்த்தார். என் மனம் துள்ளியது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து மூடினார். மாடிப்படியில் பாதி ஏறி இறங்கினார். பிறகு கோட்டைத் தாண்டி மேற்கே போனார். படுக்கையறை வாசலில் நின்றார். கொல்லையில் இறங்கி நின்றார். குழாய் எங்கே என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். எப்போது திரும்பி வந்து 'கிழக்கு' என்று சொல்லப்போகிறார் என்று நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தார். பாயிடம் சொன்னார்.

"மேக்க இருக்கறது எனக்கு."

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, கூறுகெட்டவனே. அங்கன ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதுலே. உன் பட்டற ரூமு இங்கன இருக்கு, கரண்டு இங்கன இருக்கு."

"டீச்சருக்குத் தண்ணி வேணும்ல. சமைக்க வேணும்ல. நான் கடையில திங்கிறேன். பட்டறதான் சின்னமனூர்ல கிடக்கே. எனக்கு ராத்திரி படுக்க ஒரு ரூமு போதும்." பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "எனக்கு எல்லாத்தையும் குடுக்கணும்னு நீங்க வச்சிருக்கீக. பாத்தாலே தெரியுது. அப்பிடி வாங்கிக்கிட்டா நல்லாருக்காது."

நான் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"மழைமானி மேக்க இருக்கு," என்றேன்.

"அதென்ன பெரிய காரியமா? அங்கன இருந்து தூக்கி இங்கன வச்சாப் போச்சு. நானே சிமிண்டு போட்டு நட்டுத் தாறேன்."

அதன் பிறகு நான் பேசியது இருபது நிமிடமாவது இருக்கும். இடம் மாறினால் என்ன ஆகும், தென்னை மறைத்தால் என்ன ஆகும், கணக்கு அறுந்தால் ஏன் ஒட்டாது. பதினான்கு நோட்டுகளையும் தூக்கி வந்து கோலப்பொடிக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரப்பினேன். ஜூன் மாதத்தில் குமுளிப் பக்கத்து மலை கறுத்து நிற்கும்போதும் இங்கே தூறலோடு நின்றுபோன வருடங்கள், ஐப்பசியில் ஒரே நாளில் ஜாடி இரண்டு முறை நிரம்பிய வருடம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இத முன்னாலயே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"பதினாலு வருசமா உங்க கண்ணு முன்னாலதான செஞ்சுக்கிட்டிருந்தேன்."

"எழுதிக்கிட்டு இருந்தீக. சொன்னீகளா?"

அவர் நோட்டை மூடி அடுக்கின் மேல் வைத்தார். "சரி, மேக்க நீங்களே எடுத்துக்கங்க. நான் கிழக்கப் போறேன்."

எடுத்துக்கொள்ள நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பாய் என்னைப் பார்த்தார். அதட்டலாக இல்லை, கணக்கில் ஒரு பிழை கண்டவர் பார்ப்பதுபோல. மூத்தவர் பங்கு வைப்பது என்றால், எது மிஞ்சினாலும் தனக்குச் சம்மதம் என்று வைப்பது. நான் அப்படி வைக்கவில்லை. ஒரு பாதி போய்விட வேண்டும் என்றே வைத்தேன். அவர் எடுத்த பிறகு இப்போது மாற்றிக்கொண்டால், தொண்ணூற்றொன்பது நாள் மூத்தவள் என்று எந்த வாயால் சொன்னேனோ அதற்கு அர்த்தம் இல்லை.

"வேண்டாம். எடுத்தது எடுத்ததுதான்," என்றேன். சொல்லிவிட்டு அழுகை வந்துவிடுமோ என்று மேற்கே பார்க்காமல் நின்றேன்.

பாய் பேனாவை எடுத்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. அண்ணன் தம்பி பாகத்துல கெணறு ஒருத்தரு பக்கம் போயிட்டா என்ன செய்றோம்? மத்தவுகளுக்குப் போயி இறைக்கப் பாத்தியம் எழுதுறோம்ல? நடக்கப் பாதை எழுதுறோம்ல? அந்த மாதிரி எழுதிருவோம். பங்கு தம்பிக்கு. மழைமானி நிக்கிற எடத்துல பாத்தியம் டீச்சருக்கு."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கூடத்தில் நடந்தது எங்கள் கல்யாண நிச்சயத்தில்கூட நடக்காத பேச்சு. நான்கடிக்கு நான்கடி இடம். அதற்குப் போக என் பின்வாசலிலிருந்து மூன்றடிப் பாதை. மழைமானியிலிருந்து இருபதடி தூரம்வரை நடுச்சுவர் நான்கடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் மரம் வைக்கக் கூடாது.

"முருங்கை?" என்றார் அவர்.

"முருங்கையும் மரந்தான்."

"கறிவேப்பிலை?"

"அது அளவோட இருந்தா இருந்துட்டுப் போகுது."

"எழுதிக்கங்க பாய், கறிவேப்பிலை டீச்சர் அனுமதி," என்றார் அவர். கிழக்கே உள்ள ஆழ்குழாயிலிருந்து மேற்குப் பாகத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியத்தை நான் சேர்க்கச் சொன்னேன். மதினி அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுபோல, "இத மொதல்லயே செஞ்சிருந்தா எனக்குப் பஸ்ஸு மிச்சம்," என்றார்.

ஜூன் 10, வியாழக்கிழமை. சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது பதினொன்றரை. அங்கிருந்த எழுத்தர் சொத்து விவரம் எழுதிய தபசிலை வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"மழைமானின்னு போட்டிருக்கே, அது மரமா, கட்டடமா?"

"ரெண்டும் இல்ல சார், கருவி," என்றேன்.

"கருவிக்கெல்லாம் எப்படிம்மா பாத்தியம் எழுதறது? கெணறு, பாதை, சாக்கடைன்னா எழுதலாம்."

பாய் முன்னே வந்தார். "கெணறுன்னே வச்சுக்கங்க சார். மத்த கெணத்துல தண்ணி கீழ இருந்து வரும். இதுல மேல இருந்து வருது."

எழுத்தர் பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தார். "தினமும் காலை எட்டரை மணிக்குன்னு நேரம் வேற போட்டிருக்கீங்க. எட்டு மணிக்குப் போனா?"

"எட்டரைதான் சார்," என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எழுத்தர் சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது. என் கையெழுத்து வரிசையில் முதலில். மூத்தவர் முதலில் போட வேண்டும் என்று அவரே ஒதுங்கி நின்றார்.

ஜூன் 11, வெள்ளி. சுவர் இன்னும் எழும்பவில்லை. கொத்தனார் கட்டியிருந்த கயிறுதான் எல்லை. கூடத்தின் வழியாகவே பத்து எட்டில் போய்விடலாம். நான் அப்படிப் போகவில்லை. பின்வாசலைத் திறந்து, பத்திரத்தில் எழுதியபடி, மூன்றடிப் பாதையில் நடந்து போனேன். என் பாத்தியத்தில் நான் நடக்கும் முதல் நாள். செருப்பில்லாத காலில் மண் சூடாக இருந்தது. கொத்தனாரோடு அளந்துகொண்டிருந்த அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

எட்டரை. புனலைக் கழற்றி ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன்.

"எவ்வளவு டீச்சர்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எழுத வேண்டியதில்லல்ல?"

"அதையுந்தான் எழுதணும்," என்றேன். சிமெண்டுப் பீடத்தின் மேல் நோட்டை வைத்து, தேதிக்கு நேரே 0.0 என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.